யானை ரைஃபிளோட உதைய எப்படித் தாங்குறது

வணக்கம் நேயர்களே. பெரிய ரைஃபிள் உதைக்கிறதப் பத்தி, அதாவது சுடும்போது அது பின்னாடி வந்து தோள்ல இடிக்கிறதப் பத்தி, கொஞ்சம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, வந்துட்டேன். தென்னாப்பிரிக்காவுல காட்டுக்குள்ள டூரிஸ்டுங்கள நடத்திக் கூட்டிட்டுப் போற கைடுங்களுக்கு ரைஃபிள் பயிற்சி குடுக்கிறதுதான் என் வேலை. அங்க .375, .458 இந்த ரெண்டு காலிபர்தான், அதாவது அங்குலத்துல குழல் அளவு, அதிகமாப் புழங்கும், யானையோ காட்டெருமையோ திடீர்னு பாய்ஞ்சு வந்தா நிறுத்தறதுக்கு. சர்வீஸ் முழுக்க ஒரு மிருகத்து மேலயும் சுடாம ரிட்டயர் ஆகுறவர்தான் என் கணக்குல நல்ல கைடு, ஆனா அந்த ஒரு நாள் வந்துச்சுன்னா குண்டு சரியான இடத்துல படணும், அங்கதான் இந்த உதை குறுக்க வருது.

மொதல்ல கணக்கப் பாத்துருவோம். .458 வின்செஸ்டர் மேக்னம், 1956ல வந்தது, குண்டு மட்டும் 500 கிரெய்ன், அதாவது 32 கிராம் சொச்சம், செகண்டுக்கு ஏறக்குறைய 640 மீட்டர் வேகத்துல வெளிய போகுது. கூடவே வெடிமருந்து எரிஞ்ச கேஸும் அதவிட வேகமாப் போகுது, அதுவும் சேந்துதான் பின்னாடி தள்ளும், இத நெறைய பேர் கணக்குல எடுக்கிறதே இல்ல. ரைஃபிள் 4 கிலோன்னு வச்சுக்கங்க, அது செகண்டுக்கு 6 மீட்டருக்கு மேல, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல தோள்ல வந்து இடிக்கும். சாதாரண .30-06 ரைஃபிளோட உதைய விட சக்தியில மூணு மடங்கு. .460 வெதர்பி மேக்னம் அதுக்கும் மேல, அதப் பத்திப் பேசவே எனக்குப் பிரியம் இல்ல.

இதுல ஒரு விஷயம் என்னன்னா, அதே தோட்டாவ ரெண்டு மடங்கு வெயிட்டுள்ள ரைஃபிள்ல போட்டா பின்னாடி வர்ற வேகம் பாதியாகும், சக்தியும் பாதியாகும். அதனாலதான் .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் மாதிரி ரெட்டைக் குழல் ரைஃபிளெல்லாம் 7 கிலோ கிட்ட செஞ்சாங்க. இப்ப சில பேர் தூக்கிட்டு நடக்க லேசா இருக்கணும்னு பெரிய காலிபர்ல எளைச்ச ரைஃபிளா வாங்கிட்டு வந்து நிக்கிறாங்க, நாள் பூரா சொமக்கறப்போ சொகமாத்தான் இருக்கும், ட்ரிகர அமுக்குற அன்னைக்குத் தெரியும்.

பழைய கதை ஒண்ணு சொல்றேன். ஃப்ரெடரிக் செலூன்னு ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரர், 1871ல சின்ன வயசுலயே ஆப்பிரிக்கா போனவர், 4 போர் துப்பாக்கி வச்சிருந்தார், கால் பவுண்டு ஈய உருண்டை, மருந்த கையால அள்ளிக் கொட்டி வாய்ப்பக்கமாக் கெட்டிக்கிறது. ஒரு தடவ அது வெடிக்காமப் போக, கூட இருந்த ஆள் அது தெரியாம இன்னொரு தரம் மருந்தும் குண்டும் போட்டுக் குடுத்துட்டார், அடுத்து சுட்டப்போ செலூ ஒரு பக்கம் துப்பாக்கி ஒரு பக்கம். ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அந்தத் துப்பாக்கிங்களோட உதை தன் நரம்பையே கெடுத்துருச்சு, அப்பறம் எத எடுத்துச் சுட்டாலும் குறி பழையபடி இல்லன்னு பின்னாடி அவரே எழுதி வச்சிருக்கார். தோள்ல கன்னிப்போனது ஒரு வாரத்துல மாறிரும், மனசுல ஏறின பயம் மாறாது.

அந்தப் பயத்தத்தான் ஃப்ளின்ச்னு சொல்வோம். சுட்டுப் பழகுற மைதானத்துல, ரேஞ்ச்னு சொல்வோம், அதக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சிம்பிள். பயிற்சிக்கு வந்தவருக்குத் தெரியாம நெஜத் தோட்டாங்களுக்கு நடுவுல ஒரு டம்மித் தோட்டாவ நாங்களே லோட் பண்ணிக் குடுத்துருவோம். அவர் குறி பாப்பார், ட்ரிகர இழுப்பார், 'டிக்'னு சத்தம் மட்டும் வரும், ஆனா குழாய் மூக்கு நாலு விரக்கட கீழ குத்தியிருக்கும், கண்ணு இறுக்கமா மூடியிருக்கும், தோள் முன்னாடி தள்ளியிருக்கும். வெடிக்கவே இல்ல, ஒடம்பு மட்டும் முந்திக்கிச்சு. கூட நிக்கிறவங்க சிரிப்பாங்க, அடுத்த முறை அவங்களுக்கும் அதேதான்.

இதுக்கு வைத்தியம் இன்னும் நாலு ரவுண்டு பெருசுல சுடுறது இல்ல. ரைஃபிள கீழ வைக்கச் சொல்லி, உதையே தெரியாத சின்ன .22 ரைஃபிள் குடுத்துருவேன், இல்லன்னா வெறும் ரைஃபிள்ல ட்ரிகர் மட்டும் இழுக்க விடுவேன், விரல் தானா மெதுவா இழுக்கிற வரைக்கும். அப்பறம் பெருசுல ரெண்டு மூணு ரவுண்டு, அதோட அன்னைக்கு முடிஞ்சுது. காதுக்கு உள்ள ஒரு பிளக், மேல காத மூடுற மஃப் ஒண்ணு, ரெண்டும் வேணும், ஏன்னா உதைன்னு நாம நெனைக்கிறதுல பாதி அந்தச் சத்தம்தான்.

நிக்கிற விதம் ரொம்ப முக்கியம். எடது கால் முன்னாடி, வெயிட்டு அதுல, இடுப்புலருந்து கொஞ்சம் முன்னாடி சாஞ்சு நிக்கணும். ரைஃபிளோட பின்பக்கக் கட்டைய, பட்டுன்னு சொல்வோம், அதக் காரை எலும்பு மேலயும் வைக்கக் கூடாது, கைப்புஜத்துலயும் வைக்கக் கூடாது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சதைக்குழியில பதிச்சு, ரெண்டு கையாலயும் நல்லா இழுத்துப் புடிக்கணும். லூசா விட்டா அது ஓடி வந்து இடிக்கும், சேந்து இருந்தா தள்ளும். கன்னம் கட்டையில ஒட்டியிருக்கணும். வலது கட்டை விரல கைப்பிடி மேல சுத்தி வச்சிட்டு மூக்க அதுக்குப் பக்கத்துல வச்சா மூக்குல ரத்தம் வரும், இத நான் எத்தன தரம் சொன்னாலும் ஒருத்தர் கேக்க மாட்டார். குறி பாக்குற தொலைநோக்கி, அதான் ஸ்கோப்பு, வச்சிருந்தா கண்ணுக்கும் அதுக்கும் நாலு அங்குலமாவது விடுங்க, இல்லன்னா புருவத்துல அரைவட்டமா ஒரு வெட்டு விழும்.

உக்காந்து மேஜை மேல வச்சு சுடுறது இருக்கே, அதுதான் மோசமான நிலை, ஒடம்பு பின்னாடி போக எடமே கெடையாது, மொத்தத்தையும் தோளே வாங்கணும். நின்னு சுட்டா மொத்த ஒடம்பும் சேந்து ஆடிக் குடுத்துரும். அதனாலதான் எங்க கிட்ட வர்ற ஒல்லியான பொண்ணுங்க வாட்டசாட்டமான ஆளுங்கள விட நல்லா சமாளிக்கிறாங்க, அவங்க அதோட மல்லுக்கட்டறது இல்ல, அது போற போக்குல போய்த் திரும்பி வராங்க. அப்படிக் குழாய் மேல எழும்புற நேரத்துலயே, பின்கட்டைய தோள்லருந்து எடுக்காம, அடுத்த தோட்டாவ ஏத்துற கம்பிய, அதான் போல்ட்ட, இழுத்துத் தள்ளிரணும், குழாய் எறங்கும்போது அடுத்த தோட்டா ரெடி.

மசில் பிரேக், அதாவது குழாய் வாயில மாட்டி கேஸப் பக்கவாட்டுல திருப்பி விடுற துண்டு, போடலாமான்னு கேப்பாங்க. உதை நல்லாவே கொறையும், ஆனா சத்தம் பக்கவாட்டுல அடிக்கும், பக்கத்துல நிக்கிற டூரிஸ்டோட காது என்ன பாவம் பண்ணுச்சு? கைடு ரைஃபிளுக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன். பின்கட்டையில இருக்கிற ரப்பர் பேட மாத்துங்க, அது போதும். பழைய ரைஃபிள்ல அந்த ரப்பர் காஞ்சு கல்லு மாதிரி ஆயிருக்கும், நகத்தால அழுத்திப் பாருங்க, தடம் விழலன்னா புதுசு போட்டுட்டு ரேஞ்சுக்கு வாங்க. நன்றி, வணக்கம்.