மெல்பர்னுக்குப் பெட்டி அடுக்குகிறீர்களா? மாதத்தை விடுங்கள், காற்றைப் பாருங்கள்!

வணக்கம். மெல்பர்ன் பயணம் என்றதும் நம்மில் பலர் பெட்டியில் முதலில் வைப்பது தடிமனான ஒரு குளிர்கால கோட். இந்த வீடியோ முடிவதற்குள் நீங்கள் அதை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் விருப்பம். நண்பகலில் 35 டிகிரி வெயிலில் வியர்க்க வியர்க்க டிராமில் ஏறியவர், மாலையில் அதே நிறுத்தத்தில் 20 டிகிரிக்கும் கீழான குளிர்காற்றில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது அந்த நகரத்தின் கோடையில் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. அப்படிப்பட்ட நாளில் கனமான ஒற்றை உடை பாதி நேரம் சுமையாகவும் மீதி நேரம் போதாததாகவும் இருக்கும்.

அடிப்படைத் தகவலை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. மார்ச் முதல் மே வரை இலையுதிர்காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம். சராசரிப் பகல் வெப்பநிலை ஜனவரியில் சுமார் 26 டிகிரி, ஜூலையில் சுமார் 14 டிகிரி. பயணத் தளங்கள் எல்லாம் இந்தச் சராசரியை வைத்துத்தான் உடை சொல்கின்றன. ஆனால் 38 டிகிரி நாளும் 19 டிகிரி நாளும் அடுத்தடுத்து வரும் ஊரில் சராசரியை நம்பி அடுக்கிய பெட்டி இரண்டு நாளுக்குமே பொருந்தாது.

(திரையில்: ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதி வரைபடம்)

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மெல்பர்னுக்கு வடக்கிலும் வடமேற்கிலும் கண்டத்தின் வறண்ட உட்பகுதியும் அதற்கு அப்பால் பாலைவனங்களும் இருக்கின்றன. தெற்கே போர்ட் பிலிப் விரிகுடா. தென்மேற்கே போனால் அண்டார்க்டிகா வரை பெரிய நிலப்பரப்பு எதுவும் குறுக்கிடாத தென்பெருங்கடல். நமக்கு வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று மார்கழிக் குளிரைக் கொண்டுவரும். அங்கே வடகாற்று பாலைவனத்து அனலைக் கொண்டுவருகிறது, தென்மேற்குக் காற்றுதான் கடலின் குளிரைக் கொண்டுவருகிறது. இந்த இரண்டு காற்றுகளுக்கும் நடுவிலுள்ள எல்லைக்குக் குளிர்முகப்பு என்று பெயர். அந்த முகப்பு மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து நகரத்தை நெருங்கும்போது, அதற்கு முன்னால் வடகாற்று வலுத்து வெப்பம் ஏறிக்கொண்டே போகும். முகப்பு கடக்கும் தருணத்தில், எடை மிகுந்த குளிர்காற்று வெப்பக்காற்றுக்கு அடியில் ஆப்பு இறங்குவதைப்போல நுழைந்து அதை மேலே தள்ளிவிடும். காற்று சட்டென்று திசை மாறும். சில நிமிடங்களிலேயே 10 டிகிரிக்கும் மேல் வெப்பம் இறங்கிவிடுவது உண்டு. ஊர்க்காரர்கள் இதைக் 'கூல் சேஞ்ச்' என்கிறார்கள். கடுங்கோடையில் 'சேஞ்ச் எப்போது வருகிறது?' என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

அந்தத் திசைமாற்றத்தை அவர்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி வெப்பம் பதிவானது. அந்நகரம் அதுவரை கண்டிராத உச்சம் அது. அன்று மாலை காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் நகரம் குளிர்ந்தது. ஆனால் அதே திசைமாற்றம், சுற்றுப்புறக் காடுகளில் நீளவாட்டில் எரிந்துகொண்டிருந்த தீயின் பக்கவாட்டை அகன்ற புதிய முனையாக மாற்றிவிட்டது. விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் உயிரிழந்த அந்த நாளைக் கரும் சனிக்கிழமை என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். எந்த மாதத்தில் போனாலும் நான் சொல்வது அடுக்கு உடைதான். உடலை ஒட்டி ஒரு மெல்லிய அரைக்கைச் சட்டை, அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் ஒரு கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கைத் துணி மேலாடை, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் மழையும் புகாத, தலைமூடி தைத்த மெல்லிய ஜாக்கெட். குளிரைத் தடுப்பதில் துணியைவிட, துணிகளுக்கு இடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுக்கே பெரிய பங்கு உண்டு. அதனால்தான் மூன்று மெல்லிய உடைகள் ஒரு தடித்த உடைக்கு ஈடுகொடுக்கின்றன. தென்மேற்குக் காற்று வேகமாக வீசும்போது வெறும் ஸ்வெட்டரின் பின்னல் இடைவெளிகளில் புகுந்து அந்தச் சிறைப்பட்ட காற்றை வெளியேற்றிவிடும். வெளியே உள்ள ஜாக்கெட் எடையில் மிகக் குறைவானது. ஆனால் அந்த ஜாக்கெட் இல்லையென்றால் உள்ளே போட்டிருக்கும் எதுவும் முழுப்பயன் தராது. டிராமுக்குள் ஹீட்டர் ஓடும்போது ஒன்றைக் கழற்றலாம், இறங்கியதும் மாட்டிக்கொள்ளலாம். கோட்டைப் பாதியாகக் கழற்ற முடியாது.

துணியையும் கவனித்து எடுங்கள். பருத்தி நமக்குப் பிரியமானதுதான்; ஆனால் வியர்வையிலோ தூறலிலோ நனைந்த பருத்தி, காற்று மாறியவுடன் உடலைச் சில்லிட வைக்கும். மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நூலிழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. இரண்டு மூன்று நாள் உடுத்தினாலும் எளிதில் நாறாது. விலை அதிகம் என்பது உண்மை. ஒன்று மட்டும் வாங்குவதானால், உடலை ஒட்டிய உடையை மெரினோவில் வாங்குங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் ஒரு தெர்மல் உள்ளாடையும் காதை மூடும் குல்லாயும் சேர்த்துக்கொண்டால் போதும். நகரத்துக்குள் பனி விழுவது மிக அரிது. கேரம் டவுன்ஸில் உள்ள சிவா விஷ்ணு கோயிலுக்குச் சேலையிலோ வேட்டியிலோ போக விரும்புகிறவர்களுக்கும் அந்தத் தெர்மல்தான் துணை. உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

மழையைப் பற்றி ஒரு தகவல் கேட்டால் வியப்பீர்கள். மெல்பர்னின் ஆண்டு மழையளவு 650 மில்லிமீட்டரை ஒட்டியது. சென்னைக்கு ஆண்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெய்கிறது. ஆனாலும் மழை ஊர் என்ற பெயர் மெல்பர்னுக்குத்தான் ஒட்டிக்கொண்டது. சென்னையின் மழை சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மெல்பர்னின் மழையோ ஆண்டு முழுவதும் சிறு தூறல்களாகப் பிரிந்து, பத்து நிமிடம் பெய்து, வெயிலடித்து, மறுபடியும் பெய்கிறது. பெரும்பாலும் காற்றோடு சேர்ந்தே வருவதால் குடை அடிக்கடி மடங்கிக்கொள்ளும். குடைக்கு வைத்த இடத்தை அந்த ஜாக்கெட்டுக்குக் கொடுங்கள். ஜனவரியில் ஆஸ்திரேலியன் ஓப்பன் டென்னிஸ் நடக்கும் வளாகத்தில் மூன்று பெரிய அரங்குகளுக்குத் திறந்து மூடும் கூரை அமைத்திருக்கிறார்கள். மழைக்கும் அது மூடும், கடும் வெப்பத்துக்கும் மூடும். ஊரே தன் கட்டடங்களுக்கு அடுக்கு உடை மாட்டியிருக்கிறது என்று நினைத்து நான் ரசித்தேன்.

குளிராக இருக்கிறதே என்று தொப்பியை மறந்துவிடாதீர்கள். புற ஊதாக் கதிர்களுக்கும் வெப்பநிலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் ஏப்ரல் இறுதிவரை அங்கே அகன்ற விளிம்புத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் தேவை என்பது அங்குள்ள சுகாதார அமைப்புகளின் அறிவுரை.

அடுத்துச் சொல்லப்போவதை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் தயவுசெய்து முழுமையாகக் கேளுங்கள். 2016 நவம்பர் 21 அன்று, வெப்பமான ஒரு பகலுக்குப் பின் மாலையில் இடிமழையோடு காற்று மாறியது. ரை வகைப் புல்லின் மகரந்தத் துகள்கள் மேகத்தின் ஈரத்தில் வெடித்து மிக நுண்ணிய துணுக்குகளாகி, புயற்காற்றோடு தரைக்கு இறங்கி, மக்களின் நுரையீரலுக்குள் ஆழமாகச் சென்றன. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்; 10 பேர் இறந்தார்கள். அதற்குமுன் ஆஸ்துமாவே இல்லாமல், தும்மலும் மூக்கொழுகலும் தரும் மகரந்த ஒவ்வாமை மட்டும் இருந்தவர்களும் பாதிக்கப்பட்டார்கள். இந்திய, இலங்கைப் பின்னணி கொண்டவர்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, உங்களுக்கோ உடன் வருபவர்களுக்கோ ஆஸ்துமாவோ மகரந்த ஒவ்வாமையோ இருந்தால், புறப்படும் முன் மருத்துவரைப் பாருங்கள். இன்ஹேலரை மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இடியோடு காற்று வலுக்கத் தொடங்கினால் கதவு சன்னல்களை மூடிக்கொண்டு உள்ளேயே இருங்கள்.

மற்றவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பழைய வீடுகள் பலவற்றில் உள்ளேயும் குளிரும் என்பதால் உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்குத் தடித்த சாக்ஸ் வேண்டும். நம் ஊர் பிளக் அங்கே பொருந்தாது. பொடி, ஊறுகாய், அப்பளம் எதுவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மெல்பர்னில் வாழும் நம்மவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் பகுதியில் எந்த மாதம் பாடாய்ப் படுத்துகிறது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. பயணம் போகிறவர்கள், அறையை விட்டுக் கிளம்பும் முன் ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் முன்னறிவிப்பைத் திறந்து, அதிகபட்ச வெப்பநிலை என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் காற்றைப் பற்றிய வரியையும் படியுங்கள். 'வடகாற்று, பிற்பகலில் தென்மேற்காக மாறும்' என்று அதில் இருந்தால், வெளியே வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் ஸ்வெட்டரையும் ஜாக்கெட்டையும் சுருட்டித் தோள்பைக்குள் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.