நான்காவதாக வருபவரின் ஓட்டம்

மதுரை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஓட்டப் பந்தயம் என்றதும் வெள்ளைக் கோடு போட்ட மைதானம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது கோடே இல்லாத ஓட்டத்தைப் பற்றி. கிராஸ் கன்ட்ரி ஓட்டம். புல், மேடு, பள்ளம், சேறு, மணல் என்று நிலம் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அதன்மேல் ஓடுவது. உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் என் மனம் இந்த ஓட்டத்திடம்தான் போய் நின்றது. ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே.

இதற்கென்று ஓர் உலகப் போட்டி இருக்கிறது. 1903இல் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் ஊரில், குதிரைப் பந்தயத் திடலில், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு நாட்டவர் கூடி ஓடினார்கள். நம் மதுரை விளையாட்டரங்கத்தையும் இன்றுவரை ரேஸ் கோர்ஸ் என்றுதானே சொல்கிறோம்! பிறகு பிரான்ஸ் சேர்ந்தது, மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக வந்தன. 1973இல் பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் அது உலகச் சாம்பியன் பட்டப் போட்டியாக மாறியது.

இந்த ஓட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? புள்ளிக் கணக்கில் இருக்கிறது. ஒரு நாட்டுக்காக ஆறு பேர் ஓடுகிறார்கள் என்றால், முதலில் வரும் நான்கு பேர் கணக்கில் சேர்வார்கள். முதலாவதாக வந்தவருக்கு ஒரு புள்ளி, பத்தாவதாக வந்தவருக்குப் பத்துப் புள்ளி. நான்கையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ அந்த நாட்டுக்குப் பட்டம். வானொலியில் கணக்குச் சொல்கிறேனே என்று எண்ண வேண்டாம், இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்: குறைந்த புள்ளிக்குத்தான் வெற்றி. ஆகவே ஒரு குழுவில் முதலாமவர் எவ்வளவு முந்தி வந்தாலும், நான்காமவர் பின்தங்கினால் பட்டம் கைநழுவிவிடும். 2017இல் உகாண்டாவின் கம்பாலா நகரில் நடந்த உலகப் போட்டியின் ஆண்கள் ஓட்டத்தில் முதல் இரண்டு இடங்களும் கென்யாவுக்கு. குழுப் பட்டமோ எத்தியோப்பியாவுக்குப் போனது. அதே நாளில் கென்யப் பெண்கள் முதல் ஆறு இடங்களையும் பிடித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, கூட்டினால் பத்து. அதற்குக் கீழே புள்ளியே கிடையாது.

கம்பாலா என்று சொல்லிவிட்டேன். இனி அங்கிருந்து சீக்கிரம் நகர மாட்டேன், நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகே அப்போது இருபது வயது இளைஞர். சொந்த நாட்டு மண், சொந்த மக்கள். அதற்கு முன் நடந்த இளையோர் ஓட்டத்தில் ஜேக்கப் கிப்ளிமோ என்ற பதினாறு வயதுப் பையன் உகாண்டாவுக்கு இந்தப் போட்டியின் முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்திருந்தான். கூட்டம் எப்படி இருந்திருக்கும், எண்ணிப் பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். செப்டெகே எல்லாரையும் விட்டுப் பிரிந்து முன்னால் போகிறார். கடைசிச் சுற்றிலும் அவர்தான் முன்னால். திடீரென்று கால்கள் அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. உடம்பு பின்பக்கமாகச் சாய்கிறது, அடி தடுமாறுகிறது. கென்யாவின் கம்வோரோர் தாண்டிப் போகிறார். அடுத்து ஒருவர், அடுத்து இன்னொருவர், எண்ண முடியாத அளவுக்கு ஆட்கள் தாண்டிப் போகிறார்கள். ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் உட்காரவில்லை. தள்ளாடித் தள்ளாடியே எல்லையைத் தொட்டார். முப்பதாவது இடம்.

இரண்டு ஆண்டு கழித்து 2019இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அடுத்த போட்டி. அங்கே ஓர் அருங்காட்சியகத்தின் சரிந்த கூரைமேல் புல் வளர்த்திருக்கிறார்கள். ஓட்டப் பாதை அந்தக் கூரைமேலேயே ஏறி இறங்கியது. செப்டெகே முதலிடம், கிப்ளிமோ இரண்டாமிடம், கம்வோரோர் மூன்றாமிடம். குழுப் பட்டமும் உகாண்டாவுக்கு, அதுவும் முதல்முறையாக. பிற்காலத்தில் செப்டெகே ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார், உலகச் சாதனையும் படைத்தார். நான் மாணவர்களிடம் சொன்னதெல்லாம் அந்த முப்பதாவது இடத்தைத்தான். திரும்பத் திரும்ப அதையேதான் சொல்வேன்.

எங்கள் பள்ளிக் குழுவில் நான்காவதாக ஓடும் மாணவி ஒருத்தி இருந்தாள். மாவட்டப் போட்டியில் தன் தோழிகள் மூவரும் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டதைப் பார்த்து, இனி என்ன என்று நடக்கத் தொடங்கிவிட்டாள். ஓரமாக ஓடிப்போய்ச் சொன்னேன்: “தாயி, முதலில் வர வேண்டாம். முன்னால் போகிற அந்த இரண்டு பேரைத் தாண்டிவிடு, போதும்.” தாண்டினாள். கோப்பை எங்களுக்கு வந்தது. மேடைக்கு முதலில் அவளைத்தான் அனுப்பினேன்.

பயிற்சிக்கு எங்களுக்குக் கிடைத்த இடம் கீழக்குயில்குடிப் பக்கம், சமணர் மலை அடிவாரமும் கண்மாய்க் கரையும். வரப்பில் நடந்து பழகிய யாருக்கும் தெரியும், கண் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போக முடியாது. மழை பெய்த மறுநாள் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஓடிப் பாருங்கள், ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஏறிக்கொள்ளும். மேலூர்ச் செம்மண் அப்படியில்லை, ஓடுகிறவனுக்கு இரக்கம் காட்டும். ஐரோப்பாவில் பெருஞ்செலவு செய்து மேடும் சேறும் உண்டாக்குகிறார்கள். நமக்கு ஊரைச் சுற்றி எல்லாமே இருக்கிறது.

வெயில் மட்டும் விளையாட்டல்ல. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கொளுத்தும் வெயிலில் 38 பேர் கிளம்பினார்கள், 15 பேர்தான் ஓடி முடித்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி வென்றார். அத்தோடு இந்த ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. 2007இல் கென்யாவின் மொம்பாசாவில் நடந்த உலகப் போட்டியில் புழுக்கம் தாங்காமல் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலேயே பாதியில் விலகினார். அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் அவர்! பங்குனி, சித்திரையில் குழந்தைகளை உச்சிவேளையில் ஓடவிடும் பெரியவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பெண்கள் ஓட்டத்தைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். 2017 முதல் அவர்களுக்கும் ஆண்களைப் போலவே பத்துக் கிலோமீட்டர் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சக்கிமங்கலத்து ரேவதி வெறுங்காலோடு ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனவர். அவருடையது குறுகிய தூர ஓட்டம். நெடுந்தூரத்துக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை லட்சுமணனும் சூரியாவும் இருக்கிறார்கள். நம் தலைமையாசிரியர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தை மாதத்தில் ஒரு காலை, கண்மாய்க் கரையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கொடி நட்டால் போதும். பள்ளிக்கு ஆறு பிள்ளைகள், நான்கு பேருக்குக் கணக்கு. சீமைக் கருவேல முள்ளை மட்டும் முதல் நாளே பெருக்கி எடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.