ஏஜென்சியை விட்டுவிட்டு கிளையன்ட்டிடம் நேரடியாகப் போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. காரணம், இதே இடத்தில் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன், வழுக்கியும் விழுந்திருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன், முதலில் கேள்வி.

நேயர் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறார். ஓர் ஏஜென்சி மூலமாக 14 மாதமாக ஒரே கிளையன்ட்டிடம் வேலை. வேலை சொல்வது கிளையன்ட், பணம் தருவது ஏஜென்சி. இப்போது அங்குள்ள மேலாளர், "நடுவில் அவர்கள் எதற்கு? அடுத்த முறை நேரடியாக எங்களிடமே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறாராம். ஆனால் இவருடைய கான்ட்ராக்டில், வேலை முடிந்து 12 மாதத்துக்கு அந்தக் கிளையன்ட்டிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. "இந்த வரி செல்லுமா சார்?" என்று கேட்கிறார்.

எந்த நாட்டுச் சட்டம் அந்த கான்ட்ராக்டுக்குப் பொருந்தும் என்பதைப் பொறுத்த விஷயம் இது. அவர் நாட்டை எழுதவில்லை. அதனால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது உள்ள தடையை நீதிமன்றங்கள் ஏற்கும். வேலை முடிந்த பிறகும் துரத்தும் தடையைப் பொதுவாக ஏற்பதில்லை. கலிஃபோர்னியாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். இது தற்செயல் இல்லை. டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் நியூயார்க்குக்காக ஒரு சட்ட வரைவு எழுதினார். நியூயார்க் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. கலிஃபோர்னியா எடுத்துக்கொண்டது, இந்தியச் சட்டத்தை எழுதியவர்களும் இந்தப் பிரிவை அதிலிருந்துதான் எடுத்தார்கள். இரண்டும் ஒரே வருடம், 1872. யாருக்காகச் சமைத்தாரோ அவர் சாப்பிடவில்லை, பக்கத்து இலைக்காரர்கள் இருவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்! கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டு தற்காலிகப் பணியாளர் நெறிமுறை இருக்கிறது. பணி முடிந்ததும் கிளையன்ட் அந்த ஆளை வேலைக்கு எடுப்பதைத் தடுக்கும் வரி செல்லாது, ஆனால் ஏஜென்சி கிளையன்ட்டிடம் நியாயமான ஈட்டுத்தொகை வாங்கலாம். பணியாளரிடம் வாங்கக் கூடாது. பிரிட்டனின் 2003 விதிகளில் கணக்கே போட்டிருக்கிறார்கள். பணி முடிந்து 8 வாரம், அல்லது பணி தொடங்கி 14 வாரம், இதில் எது பிந்தியதோ அதுவரைதான், ஆளை நேரடியாக எடுப்பதற்கான மாற்றுக் கட்டணத்தை ஏஜென்சி கிளையன்ட்டிடம் கேட்கலாம். ஆனால் சொந்தக் கம்பெனி மூலம் வேலை செய்பவர்கள் இந்த விதிகள் வேண்டாம் என்று விலகிக்கொள்ள வழி உண்டு. அதற்கான தாளில், என்ன தாள் என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர்.

இப்போது ஒன்றைக் கவனித்தீர்களா? ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் இரண்டு இடத்திலும் பணம் கேட்கப்படுவது கிளையன்ட்டிடம். இங்கேதான் என் பழைய முக்கோணம் வருகிறது. "மறுபடியும் முக்கோணமா" என்று கீழே எழுதப் போகிறீர்கள், எழுதுங்கள். ஒரு தாளை எடுத்து நீங்கள், ஏஜென்சி, கிளையன்ட் என்று மூன்று புள்ளி வையுங்கள். யார் யாரிடம் கையெழுத்துப் போட்டார்களோ அவர்களுக்கு நடுவே மட்டும் கோடு போடுங்கள். உங்களுக்கும் ஏஜென்சிக்கும் ஒரு கோடு. ஏஜென்சிக்கும் கிளையன்ட்டுக்கும் ஒரு கோடு. உங்களுக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. நீங்கள் கவலைப்படுவது முதல் கோட்டைப் பற்றி. கடிக்கிற கோடு இரண்டாவது. அதை நீங்கள் பார்த்ததே இல்லை.

2006இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விப்ரோவுக்கும் பெக்மன் கோல்ட்டருக்கும் ஒரு வழக்கு. மற்றவருடைய ஆட்களை இழுக்க மாட்டோம் என்று இரண்டு நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டிருந்தன. அது ஊழியர்களைக் கட்டும் தடை இல்லை, நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்த வாக்கு, அதனால் 27ஆம் பிரிவில் அடிபடாது என்றது நீதிமன்றம். அதாவது உங்கள் கான்ட்ராக்டில் உள்ள வரி விழுந்தாலும் கிளையன்ட்டின் ஒப்பந்தத்தில் உள்ள வரி நிற்கலாம். மேலாளர் உற்சாகமாகக் கூப்பிடுவார். அவருடைய சட்டப் பிரிவு அந்தத் தாளைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. நேரடியாகப் போனால், ஏஜென்சி நடுவில் எடுத்துக்கொண்டிருந்த மார்ஜின் யாருக்குப் போகிறது? கிளையன்ட் 100 கொடுக்கிறார், ஏஜென்சி உங்களுக்கு 80 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் "85க்கு வாருங்கள்" என்பார். உங்களுக்கு 5 கூடுதல், அவருக்கு 15 மிச்சம். ஏஜென்சி செய்த வேலை எல்லாம் உங்கள் தலையில்.

என்ன பெரிய வேலை என்று நானும் அன்றைக்கு நினைத்தேன். நேரடியாகப் போனேன். கிளையன்ட் பணம் கொடுக்கும் ஆட்களின் பட்டியலில், அதாவது வென்டர் பட்டியலில், என் பெயர் ஏறவே ஆறு வாரம். அப்புறம் இன்வாய்ஸ் அனுப்பினால் 60 நாள் கழித்துப் பணம். பர்சேஸ் ஆர்டர் (கிளையன்ட் தரும் வேலை ஆணை) எண் தப்பு என்று முதல் இன்வாய்ஸ் திரும்பி வந்தது, அந்த 60 நாள் மறுபடி முதலிலிருந்து. அதற்கு முன்பு மாதக் கடைசியில் பணம் வந்துகொண்டே இருந்ததே, அது கிளையன்ட் கொடுத்ததால் வரவில்லை, ஏஜென்சி தன் கைப்பணத்தைப் போட்டதால் வந்தது. அவர்களுடைய மார்ஜினில் பாதி வட்டிதான் என்று அப்போதுதான் உறைத்தது. என்னைக் கூப்பிட்ட மேலாளரோ அதற்குள் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். அவர் சொன்ன எதுவும் எழுத்தில் இல்லை.

போக வேண்டாம் என்கிறேனா? இல்லை, போங்கள். ஆனால் 85க்குப் போகாதீர்கள். விடுமுறை, காப்பீடு, வரிக் கணக்கு, பணம் வராத இரண்டு மாதம், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு ரேட் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் 95க்குக் கீழே பேச்சே இல்லை.

அதற்கு முன்னால் மேலாளரிடம் ஒரே ஒரு மின்னஞ்சலில் இதைக் கேளுங்கள். "ஏஜென்சியோடு உங்கள் ஒப்பந்தத்தில் ஆளை நேரடியாக எடுப்பது பற்றி என்ன இருக்கிறது, கட்டணம் உண்டென்றால் யார் கொடுப்பது?" அவ்வளவுதான். பல ஒப்பந்தங்களில் இந்தக் கட்டணம் நாள் ஆக ஆகக் குறையும், ஒரு வருடம் தாண்டினால் பூஜ்யம் என்று இருப்பதும் உண்டு. நீங்கள் 14 மாதம் முடித்திருக்கிறீர்கள். நீங்கள் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் சுவர் ஏற்கெனவே இடிந்திருக்கலாம். கட்டணம் இருந்தால் கிளையன்ட் கட்டட்டும், இல்லையென்றால் மார்ஜினைக் குறைத்துக்கொண்டு பேரோல் (மாதச் சம்பளம் போடும் வேலை) மட்டும் பார்க்கச் சொல்லி ஏஜென்சியிடமே பேசலாம். நேரில் கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

நண்பர் கம்பெனி பெயரில் போகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அந்த "மறைமுகமாகவோ" என்ற சொல் அங்கே உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். பழைய கான்ட்ராக்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதில் கையெழுத்தும் வேண்டாம். மேலாளர் என்ன பதில் எழுதினார் என்று எனக்கும் எழுதுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.