மலை இல்லாத ஊரிலிருந்து மலைப் போட்டிக்கு: ஒரு கேள்வியும் பதிலும்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி மேடவாக்கத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது. வாசித்துவிடுகிறேன். "அண்ணா, சாலையில் 10 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் மகாபலிபுரம் வரை சைக்கிளில் போய் வருவேன். அடுத்த வருடம் மண் பாதையில் ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த போட்டிகளில் இறங்க ஆசை. சென்னையில் மலையே இல்லையே, ஏற்றத்துக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது?"

நல்ல கேள்வி. முதல் சீசனுக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஆனால் தம்பி, நீங்கள் பயப்பட வேண்டியது ஏற்றத்துக்கு இல்லை, இறக்கத்துக்கு.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. இந்தப் போட்டிக்கு டூயத்லான் என்று பெயர். முதலில் ஓட வேண்டும், பிறகு சைக்கிள், பிறகு மறுபடியும் ஓட்டம். சாலையில் நடப்பது என்றால் பொதுவாக 10 கிலோமீட்டர் ஓட்டம், 40 சைக்கிள், 5 ஓட்டம். மண் பாதையில் தூரத்தைக் குறைத்துவிடுவார்கள். குறைத்தார்களே என்று சந்தோஷப்படாதீர்கள், நேரம் குறையாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் போட்டி ஏலகிரிப் பக்கம், ஜூலை மாதம். அதற்காக மூன்று மாதம் வெறித்தனமாக ஏறினேன். அலுவலகத்தில் ஆறு மாடி. லிப்டைத் தொடவே இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் பார்க்கிங் சரிவில் மேலே ஓடுவேன், மூச்சு வாங்க மெதுவாக நடந்து இறங்குவேன். அந்த "மெதுவாக நடந்து" என்ற இடத்தில்தான் கோட்டை விட்டேன், அது அப்போது தெரியவில்லை.

போட்டியில் ஏற்றம் நன்றாகவே போனது. என்னைவிட இளைஞர்கள் நாலைந்து பேரைத் தாண்டினேன். ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம், சென்னை வெயிலில் பழகியவனுக்கு அந்தக் காற்றே பாதி பலம். பாதை கீழே திரும்பியதும் கதை மாறியது. சரளைக் கல்லில் ஒவ்வொரு அடிக்கும் தொடையால் பிரேக் போட்டுக்கொண்டே இறங்கினேன். சைக்கிளில் ஏறியபோதே தொடை நடுங்கியது. இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்ததில் விரல் மரத்துப்போனது, ஒரு வளைவில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கி முழங்கை தோல் உரிந்தது. கடைசி ஓட்டத்தை ஓட்டம் என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். விறகுக் கட்டோடு போன ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்து "தண்ணி வேணுமா தம்பி?" என்றும் கேட்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் படி ஏற முடிந்தது, இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் பார்த்துவிட்டு, "என்ன சார், ஏதாவது வேண்டுதலா?" என்றார்.

ஏன் இப்படி ஆகிறது? ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது ஒன்று, நிறைந்த வாளியைக் கயிறு நழுவாமல் மெல்ல இறக்குவது வேறு. இரண்டாவதில் மூச்சு அவ்வளவு வாங்காது, ஆனால் பழகாத தசையில் நுண்ணிய சேதம் அதிகம். வலியும் உடனே தெரியாது, ஒரு நாள் கழித்து ஆரம்பித்து இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. என் சீசனையே மாற்றியது அதுதான். ஒருமுறை இப்படி இறங்கி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாக அடிபடாது. உடற்பயிற்சி ஆராய்ச்சியில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம் இது. அப்படியென்றால் தினமும் மலை வேண்டாம். சென்னைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் ரயிலில் ஜோலார்பேட்டை போய், ஏலகிரியில் ஏறி இறங்கிவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். கடைசிப் பயணம் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் இருக்கட்டும். தெம்பாகத்தானே இருக்கிறேன் என்று போட்டிக்கு முந்தின ஞாயிறு போய்விடாதீர்கள், அந்த வலியோடு போட்டியில் நிற்க வேண்டிவரும்.

நடுவில் ஊரில் என்ன செய்வது? நான் செய்ததைத் தலைகீழாக்குங்கள். படியில் நிதானமாக ஏறுங்கள், இறங்கும்போது ஓடுங்கள். சின்னச் சின்ன அடி, கால் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும், முன்னால் நீட்டி ஊன்றக் கூடாது. முதல் வாரம் பத்து நிமிடம் போதும். பறங்கிமலைப் படி, திருநீர்மலைப் படி என்று சிலர் சொல்வார்கள். அங்கே வருகிறவர்கள் சாமி கும்பிட வருகிறார்கள், அந்தப் படியில் ஷூவோடு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பார்க்கிங் சரிவே நல்லது.

சைக்கிள் இறக்கத்துக்குப் புறநகர் ஏரிகளே போதும். ஜூன், ஜூலையில் பல ஏரிப் படுகைகள் காய்ந்து புழுதியாகக் கிடக்கும், கரையிலிருந்து படுகைக்கு இறங்கும் சரிவு பத்தடி இருந்தாலே பழகலாம். சீட்டை இறக்கிக்கொள்ளுங்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், இடுப்பு பின்னால், பார்வை போக வேண்டிய இடத்தில். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் ஏறுவோம். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே போட்டு முடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். அப்புறம் ஏரிக்கரை என்றால் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் இலவசம். டியூப்லெஸ் டயரில் சீலன்ட் (முள் குத்திய ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றிவிடுங்கள், நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மலை ஆசையில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. வனத்துறை இப்போது பல பாதைகளுக்கு முறையாக முன்பதிவு வைத்திருக்கிறது. ஊர்ப் பாதை, தோட்டப் பாதை என்றாலும் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

சீசன் திட்டம் பற்றிச் சுருக்கமாக. நான் போட்டித் தேதியை வைத்துத் திட்டம் போடுவதில்லை, ஊர் வெயிலை வைத்துப் போடுகிறேன். அக்னி நட்சத்திரத்தில் நீண்ட ஓட்டம் கிடையாது, படியும் தொடைப் பயிற்சியும் மட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மலைப்பக்கம் இரண்டு போட்டி. அக்டோபர், நவம்பர் மழையில் ஓய்வு, வீட்டாரோடு சமாதானம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் இன்னும் இரண்டு. வேலைக்குப் போகிறவருக்கு நாலு போட்டியே தாராளம். வியர்வை அதிகமென்றால் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்காதீர்கள், உப்பும் வேண்டும். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் அந்த சீசனின் கடைசிப் போட்டி. ஏற்றத்தில் பழைய வேகம்தான், ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை, குறையவில்லை. இறக்கத்தில் மட்டும் ஒன்பது பேரைத் தாண்டினேன், கடைசி மூன்று கிலோமீட்டரையும் நிற்காமல் ஓடி முடித்தேன். திங்கட்கிழமை ஆறு மாடியும் சாதாரணமாக இறங்கி வந்தேன். வாட்ச்மேன் அண்ணன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன சார், இந்தத் தடவை போட்டிக்குப் போகலையா?" என்றார்.