பாதித் தலையோட ஒரு மனுசன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறைல அனிமேஷன் படம்னு சொன்னா பத்துப் பேர் வந்தா பெருசுன்னு நெனச்சேன், பெஞ்சு பத்தாம நிக்கிறீங்க, மனசு நெறஞ்சு போச்சு.

இப்ப பாத்தோமே 'ரையன்', மொத்தமே 14 நிமிசம்தான், 2004ல கனடாவுல கிறிஸ் லாண்ட்ரெத் எடுத்தது, அடுத்த வருசம் ஆஸ்கர் வாங்குச்சு. அதுல வர்ற ரையன் லார்கின் நெசமான ஆளுங்க. நார்மன் மெக்லாரன்னு ஒரு பெரிய அனிமேஷன் கலைஞர் கிட்ட தொழில் பழகி, மனுசங்க நடக்கறத மட்டுமே வரஞ்சு 'வாக்கிங்'னு ஒரு அஞ்சு நிமிசப் படம் பண்ணாரு, 1968ல, ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. அப்புறம் கொக்கெய்ன், குடி, கடைசில மான்ட்ரியால் தெருவுல நின்னு காசு கேக்கற நெலம.

அவரு தலைய பாத்தீங்கல்ல, பாதி இல்ல, மண்டைக்குள்ள வெறும் காத்துதான். ஆனா குரல் எந்த நடிகரோடதும் இல்ல, லாண்ட்ரெத் நேர்ல போயி பேசும்போது பதிவு பண்ணது. குரல அப்பிடியே வச்சுட்டு, உள்ள ஒடஞ்சத வெளிய ஒடம்புல வரஞ்சிருக்காரு. தன் மூஞ்சியையும் விடல, அதுலயும் ஓட்டை போட்டுத்தான் காட்றாரு.

எனக்கு தாங்க முடியாத எடம் எதுன்னா, லாண்ட்ரெத் ரையன்கிட்ட "குடிய விட்ருங்க"ன்னு சொல்றப்ப லாண்ட்ரெத் தலைக்கு மேல ட்யூப்லைட் மாதிரி ஒரு ஒளிவட்டம் வருது பாருங்க, சாமியார் மாதிரி, அப்ப ரையன் வெடிக்கிறாரு, அந்த வட்டம் நொறுங்குது. லாண்ட்ரெத்தோட அம்மாவையும் குடிதான் கொண்டு போச்சு, அந்த வலிலதான் அவரு கேட்டிருக்காரு, கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல, இருந்தும் நொறுங்குது.

அந்த ஒளிவட்டம் எனக்கும் இருந்துச்சுங்க. எங்க சித்தப்பா நம்ம பாலக்காட்டுச் சித்தூர்லயும் பொள்ளாச்சிலயும் தியேட்டருக்கு பேனர் வரஞ்சவரு, ஃப்ளெக்ஸ் வந்ததும் வேல போச்சு, நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு கள்ளு ஷாப்பு, பகல் பூரா அங்கதான். ஒருநாள் நான் போயி எல்லாரு முன்னாடியும் புத்தி சொன்னேன். கிளாச கீழ வச்சுட்டு, "நான் வரஞ்சதுல ஒண்ணையாச்சும் நின்னு பாத்திருக்கியாடா?"ன்னாரு. பாத்ததில்லைங்க. இனி பாக்கவும் வழியில்ல, ஒரு படம் ஓடி முடிஞ்சா அந்தத் துணி மேலயே வெள்ளையடிச்சு அடுத்த படத்த வரஞ்சிருவாங்க. லார்கினோட 'வாக்கிங்'காவது பெட்டில பத்திரமா இருக்கு, இன்னைக்கும் போட்டுப் பாக்கலாம்.

சித்தப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் இத பேசறேன். உங்க வீட்டு ஆல்பத்துல தியேட்டர் முன்னாடி நின்னு எடுத்த பழைய போட்டோ இருந்து, பின்னாடி பேனர் ஒரு ஓரமா தெரிஞ்சாலும் சரி, அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க. சித்தப்பா கடைசி பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு, எது தன் கைனு பாத்த ஒடனே சொல்லிருவாரு.