முட்டுகிற மாடும் ஐந்து சகோதரிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்து நான்கு வருஷம் ஆவண எழுத்தராக வேலை பார்த்தவன் நான். கிரயப் பத்திரம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், உயில் என்று எழுதி எழுதியே வாழ்ந்தவன். பகலெல்லாம் மற்றவர்களுடைய சொத்து விவகாரம். இரவு சாப்பாடு முடிந்ததும் தோரா. இந்த இரண்டும் எனக்குள் எப்படி ஒன்றோடொன்று பேசிக்கொண்டன என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தோரா என்றால் யூதர்களுடைய வேதத்தின் முதல் ஐந்து நூல்கள். வீட்டில் தமிழ் பைபிள் இருப்பவர்கள் முதல் பக்கத்தைத் திறந்தால் அங்கேயே இருக்கிறது: ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். தோரா என்ற எபிரெயச் சொல்லைச் ‘சட்டம்’ என்றே பலரும் சொல்கிறார்கள். ‘போதனை’ என்பதுதான் அதற்கு நெருங்கிய பொருள். யூதர்கள் அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரா வாரம் ஜெப ஆலயத்தில் வாசித்து, ஒரு வருஷத்தில் முடிக்கிறார்கள். முடிக்கிற அதே நாளில் ‘ஆதியிலே’ என்று முதல் வரியை மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். ஒரு வாரம் கூட அது மூடிக் கிடப்பதில்லை.

தோராவின் கதைகள், சட்டங்கள், அது உருவான விதம், இந்த மூன்றையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு மாடு. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், முட்டுகிற மாடு எது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். “அது பக்கம் போகாதே” என்று குழந்தைகளிடம் சொல்லி வைப்பார்கள். யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் அந்த மாட்டைப் பற்றித்தான் பேசுகிறது. ஒருவன் மாடு இன்னொருவன் மாட்டை முட்டிக் கொன்றுவிட்டால் என்ன செய்வது? உயிரோடு இருக்கிற மாட்டை விற்று, அந்தப் பணத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். செத்த மாட்டையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே தெரிந்திருந்து, சொந்தக்காரன் கட்டி வைக்கவில்லை என்றால், பங்கு கிடையாது. மாட்டுக்கு மாடு கொடுத்தாக வேண்டும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்கள்! தெரியாமல் நடந்தால் நஷ்டம் இருவருக்கும். தெரிந்தும் சும்மா இருந்தால் நஷ்டம் உனக்கு மட்டும்.

நாங்கள் எந்தச் சொத்துக்கும் தாய்ப்பத்திரம் கேட்போம். இந்தச் சட்டத்துக்கும் தாய்ப்பத்திரம் போல ஒன்று கிடைத்திருக்கிறது. 1940களில் பாக்தாத்தின் ஓரத்தில் தெல் ஹர்மல் என்ற மேட்டைத் தோண்டியபோது எஷ்னுன்னா என்ற நகர அரசின் சட்டங்கள் களிமண் பலகைகளில் கிடைத்தன. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதிலும் மாடு மாட்டை முட்டுகிறது. அதிலும் உயிரோடிருக்கிற மாட்டின் விலையைப் பங்கு போடு, செத்த மாட்டையும் பங்கு போடு என்றே இருக்கிறது. ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை! முதன்முதலில் அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எஷ்னுன்னாவை விடப் புகழ்பெற்றது பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டம். கறுப்புக் கல்லில் வெட்டியது, 1901இல் ஈரானின் சூசாவில் கிடைத்து, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கொத்தனார் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் செத்தால், கொத்தனாரின் மகனைக் கொல்ல வேண்டும் என்கிறது அது. அப்பன் செய்த தப்புக்குப் பிள்ளை! தோராவோ மாட்டுச் சட்டத்தின் நடுவில் ஒரு சின்ன வரியைச் சேர்க்கிறது. மாடு முட்டியது மகனையானாலும் மகளையானாலும் இதே தீர்ப்புதான் என்கிறது. அதாவது மாட்டுக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும், அவன் பிள்ளைகள் அல்ல. மகளையும் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மகள் என்றதும்தான் நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரம். யூதர்களின் முன்னோரான இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நாற்பது வருஷம் அலைந்து முடித்து, யோர்தான் ஆற்றுக்கு இந்தக் கரையில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கு எடுத்தாயிற்று. இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 6,01,730 பேர். அக்கரையில் கிடைக்கப் போகிற நிலத்தை இந்தப் பெயர்களின்படி பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அப்போது ஐந்து பெண்கள் எழுந்து வருகிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். இஸ்ரவேலின் கோத்திரங்களில், அதாவது பெருங்குலங்களில், ஒன்றான மனாசே கோத்திரத்துச் செலோப்பியாத்தின் மகள்கள். அப்பா இறந்துவிட்டார். அண்ணன் தம்பி யாரும் இல்லை.

எங்கே வந்து நின்றார்கள்? அவர்களுடைய வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில். மக்களை நடத்தி வந்த மோசே இருக்கிறார், தலைமைக் குருவான ஆசாரியன் எலெயாசார் இருக்கிறார், பிரபுக்கள் இருக்கிறார்கள், சபை முழுக்க இருக்கிறது. அத்தனை பேர் நடுவிலும் பேசினார்கள்.

என்ன பேசினார்கள் என்பதை ஒரு ஆவண எழுத்தனாக நான் பார்க்கிறேன். நன்றாகக் கவனியுங்கள். முதலில், “எங்கள் அப்பா வனாந்தரத்தில் இறந்துபோனார்.” இது மரணத்தைப் பதிவு செய்வது. அடுத்து, “கர்த்தருக்கு விரோதமாகக் கூடின கோராகின் கூட்டத்தில் அவர் இல்லை.” கோராகு மோசேக்கு எதிராகக் கலகம் செய்தவன். அந்தக் கூட்டத்தில் எங்கள் அப்பா சேரவில்லை, எல்லா மனிதரையும் போல் தன் பாவத்தில்தான் செத்தார் என்கிறார்கள். இது என்ன? பத்திரத்தில் நாங்கள் எழுதுகிற வில்லங்கம் இல்லை என்ற உறுதிமொழி! மூன்றாவது, “அவருக்கு மகன்கள் இல்லை.” வாரிசு விவரம். கடைசியாகத்தான் கேள்வி. “மகன் இல்லாததினால் எங்கள் அப்பாவின் பெயர் அவர் வம்சத்தில் ஏன் இல்லாமல் போக வேண்டும்? அவருடைய சகோதரருக்குள்ளே எங்களுக்கும் காணி கொடுங்கள்.” நான் எழுதிய எத்தனையோ மனுக்களில் இவ்வளவு கச்சிதமாக ஒன்று இருந்ததில்லை. அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. இத்தனைக்கும் கேட்கிற நிலம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆற்றைக்கூடத் தாண்டவில்லை!

இந்த இடத்தில் என் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்கு அண்ணன்மார், ஒரு தங்கை. விடுதலைப் பத்திரம் தயாராகி, அந்தப் பெண் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் நிறுத்திவிட்டு, “இதுல என்ன எழுதியிருக்குங்க?” என்று என்னைக் கேட்டாள். அண்ணன்மார் முகம் மாறியது. நான் முதல் வரியிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்தேன். தனக்கு உரிமையுள்ள ஐந்தில் ஒரு பங்கைத் தான் விட்டுக்கொடுப்பதாக அதில் இருந்தது. அவளுக்கு அப்போதுதான் தெரியும். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் எண்ணாகமம் 27ஐத் திறந்தேன். அதுவரை நான் அதைப் பெயர்ப்பட்டியல் என்று தள்ளிக்கொண்டு போயிருந்தேன்.

சரி, அந்த ஐந்து பேர் கேட்டதற்கு மோசே என்ன சொன்னார்? அவருக்குத் தெரியவில்லை. சீனாய் மலையில் சட்டம் வாங்கி வந்த மோசேக்குப் பதில் தெரியவில்லை! வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். பதில் வந்தது: அந்தப் பெண்கள் பேசுவது சரிதான். அதோடு நிற்கவில்லை. ஒருவன் மகன் இல்லாமல் இறந்தால் சொத்து மகளுக்கு, மகளும் இல்லையென்றால் சகோதரருக்கு, அவர்களும் இல்லையென்றால் அப்பாவின் சகோதரருக்கு, பிறகு நெருங்கின உறவுக்கு என்று எல்லோருக்குமான சட்டமாகவே ஆயிற்று. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற உரையாசிரியர் இந்த இடத்தில் சொல்கிறார்: மோசேயின் கண் காணாததை அவர்கள் கண் கண்டது.

தோராவில் இப்படி நான்கு இடங்கள் உண்டு. மக்கள் ஒரு விவகாரத்தைக் கொண்டுவருவார்கள், மோசேக்குத் தீர்ப்பு தெரியாது, காத்திருப்பார். அவற்றில் ஒன்றில் பிணத்தைத் தொட்டதால் தீட்டானவர்கள் வந்து, “நாங்கள் மட்டும் ஏன் பஸ்கா பண்டிகையிலிருந்து விலக்கப்பட வேண்டும்?” என்கிறார்கள். அவர்களுக்காகவே அடுத்த மாதத்தில் இரண்டாவது பஸ்கா வந்தது. ‘ஏன்’ என்று அவர்களும் கேட்டார்கள், இந்தப் பெண்களும் கேட்டார்கள். விட்டுப்போனவர்கள் கேட்டார்கள், சட்டம் பிறந்தது. நான் மறுபடி மறுபடி சொல்வது இதுதான். கதையைத் தனியாக, சட்டத்தைத் தனியாக எடுத்து வைத்தால் தோராவில் பாதி கைநழுவிப் போகும். செலோப்பியாத்தின் மகள்கள் இல்லாமல் அந்த வாரிசுச் சட்டம் இல்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின்படி சகோதரன் இருந்தால் மகளுக்குப் பங்கு இல்லை. அதோடு, 36ஆம் அதிகாரத்தில் அந்தக் குலத்துத் தலைவர்கள் வந்து முறையிடுகிறார்கள். இவர்கள் வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்டால் நிலம் கைமாறிவிடுமே என்கிறார்கள். அதனால் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கட்ட வேண்டும் என்று ஆகி, ஐந்து பேரும் அப்பாவின் சகோதரர் பிள்ளைகளையே கட்டிக்கொண்டார்கள். நமக்குத் தூக்கிவாரிப் போடும். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி முறை. அவர்கள் வழக்கம் வேறு. நிலம் கோத்திரத்தைவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் அங்கே எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

இன்னும் ஒரு சின்ன விஷயம். எபிரெயம் கற்ற ஒரு பெரியவர் எனக்குக் காட்டியது. ஜெப ஆலயத்தில் வாசிக்கிற தோராச் சுருள் தோலில் கையால் எழுதியது. உயிர்க்குறிகள் இருக்காது, ஒரு எழுத்தைக்கூட எழுதுகிறவர் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அந்தச் சுருளில் ‘அவர்களுடைய வழக்கை மோசே கொண்டுபோனான்’ என்ற வரியில் ஒரு எழுத்து மட்டும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, கோட்டுக்குக் கீழே நீண்டு நிற்கும். அது ‘நூன்’ என்ற எழுத்து. தமிழில் ‘அவர்கள்’ என்றால் ஆணா பெண்ணா தெரியாது. எபிரெயத்தில் தெரியும். வார்த்தைக் கடைசியில் வருகிற அந்த நூன்தான் ‘இது பெண்களுடைய வழக்கு’ என்று சொல்கிற எழுத்து. அதையே பெரிதாக எழுதும் வழக்கம் நூற்றாண்டுகளாக வருகிறது. நான் அந்தப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கி, அந்த ஒரு எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூன்று விரல் காட்டுகிறார். மூன்று நிமிடம். தோரா எப்படி உருவானது என்பதற்கு நான் எழுதி வைத்திருந்தது நான்கு பக்கம். ஓடித்தான் ஆக வேண்டும்.

மோசே எழுதினார் என்பது பாரம்பரியம். ஆனால் உபாகமத்தின் கடைசியில் மோசேயின் மரணமே இருக்கிறதே? அந்தக் கடைசி எட்டு வசனங்கள் மோசேக்குப் பின் தலைவரான யோசுவா எழுதியவை என்ற கருத்து, யூத அறிஞர்களின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே இருக்கிறது. ஆக, கேள்வி கேட்பது வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. 1670இல் தத்துவஞானி ஸ்பினோசா, 1753இல் பிரெஞ்சு மருத்துவர் ஆஸ்ட்ரூக், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் வெல்ஹவுசன் என்று ஆராய்ச்சி வளர்ந்தது. ஆதியாகமத்தின் ஜலப்பிரளயக் கதையை எடுங்கள். ஒரு இடத்தில் பேழைக்குள் போகிற மிருகங்கள் ஜோடி ஜோடியாக, இன்னொரு இடத்தில் சுத்தமானவை ஏழேழு ஜோடி. வெள்ளம் ஒரு இடத்தில் நாற்பது நாள், இன்னொரு இடத்தில் நூற்றைம்பது நாள். ஒரே பத்திரத்தை இரண்டு கை எழுதியிருந்தால் எங்களுக்குப் பார்த்ததும் தெரியும். பல கைகள் எழுதி, பின்னால் வந்தவர்கள் எதையும் வீசிவிடாமல் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் முடிவு. எப்போது, எத்தனை கை என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை. எருசலேமில் 1979இல் கிடைத்த, எண்ணாகமத்து ஆசீர்வாதம் பொறித்த சின்ன வெள்ளிச் சுருள்களைப் பற்றியும் சொல்ல இருந்தேன். முடியாது போலிருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் பழைய சமாரியா நகரத்தைத் தோண்டினார்கள். இன்றைய நாப்லூஸ் பக்கத்தில் இருக்கிற செபஸ்தியா. அங்கே மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டு. வேதவசனம் எதுவும் இல்லை, அரசாங்கக் கணக்கு. எந்த வட்டாரத்திலிருந்து யாருக்கு ஒரு ஜாடி பழைய திராட்சை ரசம், யாருக்கு ஒரு ஜாடி நல்ல எண்ணெய், அவ்வளவுதான். அந்த வட்டாரப் பெயர்களில் இரண்டு, நோவாள், ஒக்லாள். திர்சாள் என்ற பெயரும் அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்த ஊரின் பெயர். இதை வைத்து அந்தப் பெண்கள் வாழ்ந்தார்கள் என்று நிரூபிக்க முடியாது. ஊர்களின் பெயரிலிருந்தே கதை வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் அப்பாவின் பெயர் அழியக் கூடாது என்று கேட்டார்களே, அந்த ஓடுகளில் செலோப்பியாத் என்ற பெயர் இல்லை. “பதினைந்தாம் வருஷம், ஒக்லாவிலிருந்து” என்று தொடங்குகிறது ஒரு ஓடு. நிலம் மகள் பெயரில் இருக்கிறது.

நேரம் முடிந்தது. வணக்கம்.