பனிமூட்டத்துக்கு விருதா? சின்ன கேம்களும் பெரிய பாராட்டும்

திரையில்: சேலம்–ஏற்காடு மலைப்பாதை, சாயங்காலம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மேகம் இறங்கி ரோட்டை மூடுகிறது. இசை இல்லை.

நடக்கலாம், குதிக்கலாம், எதையாவது பிடிச்சு இழுக்கலாம். அவ்வளவுதான். வசனம் கிடையாது, கதை என்னன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மூணு நாலு மணி நேரத்துல முடிஞ்சிரும். இப்படி ஒரு கேமை விமர்சகர்கள் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. காசு கொடுத்து வாங்கினவர், "பனியும் பியானோவும் தவிர இதுல என்னய்யா இருக்கு?"ன்னு கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஆனா பல பேர் அதை "சின்ன கேம் நல்லதா, பெரிய கேம் நல்லதா"ன்னு மாத்திடுறாங்க. அங்கேதான் சண்டை வழி தவறிப் போகுது. நாங்க வச்சிருக்கிற அளவுகோல் வேற: அந்தப் பனியை எடுத்துடுங்க, இசையை நிறுத்துங்க. நீங்க விளையாடுற விதம் மாறுதா? மாறினா பாராட்டு தகும். பார்க்கிற படம் மட்டும்தான் மாறுதுன்னா, அது வால்பேப்பர்.

திரையில்: முழுக் கறுப்பில் புல்வெளி. பின்னால் சாம்பல் வெளிச்சம்.

லிம்போங்கிற கேமை எடுத்துக்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த பிளேடெட் நிறுவனம் 2010-ல வெளியிட்டது. கலரே இல்லை. பையன் கறுப்பு, தரை கறுப்பு, புல்லும் கறுப்பு. புல்லுக்குள்ள இரும்புப் பல் வச்ச பொறி ஒண்ணு வாயைப் பிளந்துகிட்டு இருக்கும். அதுவும் கறுப்பு. புல் நுனிக்கும் பொறியோட பல்லுக்கும் உருவத்துல அவ்வளவா வித்தியாசம் தெரியாது. கால் வச்சா தலை போகும். ரெண்டு தடவை செத்த பிறகு, எல்லாப் புல்லையும் சந்தேகமா பார்த்து மெதுவா நடப்பீங்க. இதே காட்சியில பொறிக்குத் துரு நிறமும் புல்லுக்குப் பச்சையும் அடிச்சா, சின்னக் குழந்தைகூட தாண்டிரும். இருட்டு இங்க அலங்காரம் இல்லை, அதுதான் விதி. கொஞ்சம் தள்ளி, அதே மாதிரி ஒரு பொறியை நீங்களே இழுத்துட்டு வந்து ஒரு ராட்சத சிலந்தியோட காலடியில வைக்கணும். உங்களைக் கொன்னதே உங்க ஆயுதம் ஆகுது, அதுக்கும் ஒரு வரி வசனம் கிடையாது.

அதே கேமோட பிற்பாதிக்கு இவ்வளவு மார்க் போட மாட்டோம். சுழலுற அறை, புவியீர்ப்பைத் திருப்புற ஸ்விட்ச்னு போகும். புதிர்கள் கெட்டிக்காரத்தனமானவைதான். ஆனா அந்த அறையில டியூப்லைட் போட்டாலும் புதிர் அப்படியேதான் இருக்கும்.

2012-ல வந்த ஜர்னி இன்னும் நல்ல உதாரணம். நீங்க நடத்துற உருவத்தோட கழுத்துத் துணி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் பறக்கலாம். பனிமலை ஏறும்போது குளிர்ல அந்தச் சக்தி குறைஞ்சுகிட்டே போகும், நடையும் தளரும். கூட வர்ற முகம் தெரியாத ஆளை ஒட்டி நின்னா சக்தி திரும்பும். குளிர்ங்கிறது கண்ணுக்கு மட்டும் இல்லை, பட்டனை அழுத்துற விரலுக்கும் தெரியுது.

நம்ம ஆட்கள் கேட்கிறது பெரும்பாலும் வெண்பாங்கிற கேமைப் பத்தி. 2023-ல வந்தது. கனடாவுக்குக் குடியேறின ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவோட கிழிஞ்சு அழிஞ்ச சமையல் குறிப்பேடு. 2024-ல சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவுல பெரும்பரிசு, அதே வருஷம் பிரிட்டனோட பாஃப்டாவுல சிறந்த அறிமுக கேம் விருது. ஆனா ஒரே மூச்சுல உட்கார்ந்தா முடிஞ்சிரும். "ரெண்டு சினிமா டிக்கெட்டுக்கு மேல விலை, ஒரு சினிமா நேரம்கூட இல்லை"ன்னு சலிப்பு வர்றது அதனாலதான்.

இதுக்கும் அதே சோதனைதான். முதல் அத்தியாயத்துல இட்லி. குறிப்பேட்டுல முக்கியமான இடம் அழிஞ்சிருக்கு. தட்டுகளை மாத்தி மாத்தி அடுக்கினாத்தான் ஆவி எல்லாத்துக்கும் போகும். கொப்பரை வச்சு இட்லி ஊத்தின வீட்டுல வளர்ந்தவங்களுக்கு அது புதிரே இல்லை, கை தானா அடுக்கிரும். தெரியாதவங்க யோசிச்சு, தப்பு பண்ணி, திரும்பச் செய்யணும். அழிஞ்ச எழுத்துதான் இங்க பனிமூட்டம். அதைத் தெளிவா அச்சடிச்சுக் கொடுத்தா கேமே இல்லை. எங்களுக்கு இருக்கிற ஒரே குறை, தப்பா அடுக்கினா பெரிசா எதுவும் ஆகாது, மறுபடி ஆரம்பிச்சா போதும். அடிபிடிச்ச பாத்திரத்தைத் தேய்க்கிற வேலையாவது கொடுத்திருக்கலாம்.

திரையில்: கோடோ மென்பொருள். காலியான திரை. கீழே ஒரு கறுப்புக் கோடு.

சரி, "பனி போடுறது என்ன பெரிய வேலை?"ன்னும் சில பேர் கேட்பாங்க. அதுக்கு வருவோம். ஏற்காடு ரோட்டுல ஒருத்தர் நடக்கிற மாதிரி பக்கவாட்டுக் காட்சி ஒண்ணு, கேம் செய்யுற இலவச மென்பொருளான கோடோவுல. அஞ்சு லேயர், அதாவது ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அஞ்சு அடுக்கு: பக்கத்துல தடுப்புச்சுவர், அடுத்து காபிச் செடி, மிளகுக் கொடி ஏறின சில்வர் ஓக், அதுக்குப் பின்னால இன்னொரு மர வரிசை, கடைசியில மலைச்சரிவு. ஒவ்வொண்ணும் முன்னதைவிட 5 மீட்டர் தள்ளி இருக்கிறதா வச்சுக்கோங்க.

முதல்ல எல்லாரும் பண்ற தப்பு: நிழல் நிறத்தோட அழுத்தத்தை 100, 75, 50, 25, 0 சதவீதம்னு சமமா குறைக்கிறது. பார்த்தா அட்டையை வெட்டி வரிசையா நிறுத்தின பள்ளிக்கூட நாடக மேடை மாதிரி இருக்கும். பனி அப்படி வேலை செய்யாது. நம்ம காட்சியில ஒவ்வொரு 5 மீட்டரும், மிச்சம் இருக்கிறதுல பாதியைத் தின்னும். அதனால 100, 50, 25, 12.5, 6.25. பனி நிறம், சிவப்பு, பச்சை, நீலம்ங்கிற வரிசையில, 0-லிருந்து 255 வரைக்குமான அளவுல 196, 204, 207. பக்கத்து நிழல் 18, 24, 26 அப்படின்னா, ரெண்டாவது லேயர் நடுவுல 107, 114, 117-ல விழும். அஞ்சாவது லேயருக்கும் பனிக்கும் வித்தியாசம் பதினோரு படிதான் இருக்கும். ஆறாவது ஒண்ணு வரைஞ்சா அஞ்சாறு படி. யாருக்கும் தெரியாது, போன் மட்டும் சூடாகும்.

அடுத்த தப்பு, மரத்தைக் கறுப்புல வரையுறது. கோடோவுல படத்துக்கு நிறம் ஏத்துற மாடுலேட்ங்கிற வசதி பெருக்கல் கணக்கு. கறுப்பு சைபர், எதால பெருக்கினாலும் சைபர்தான். "நிறம் ஏறவே மாட்டேங்குது"ன்னு மண்டையை உடைச்சுக்கிறவங்க பாதிப் பேர் இங்கதான் மாட்டுறாங்க. நிழலுருவத்தை வெள்ளையில வரைஞ்சு, அப்புறம் நிறம் கொடுங்க.

திரையில்: இருட்டும் வானம். படிக்கட்டு போலப் பட்டைகள்.

பொழுது சாயுற வானத்துல இந்தப் பட்டைகள் வரும். மேல வெளிச்சம் 20, கீழ 30-ன்னு மெதுவா மாறுற மாதிரி கொடுத்தா, 1080 புள்ளி (பிக்சல்) உயரத்துல பத்தே படி. ஒவ்வொரு பட்டையும் 108 புள்ளி. கண் அதை விடாது. மருந்து: ஷேடர்ல, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் சொல்ற சின்ன நிரல்ல, நிறத்தைக் கணக்குப் போட்டு, முழு எண்ணா மாறுறதுக்கு முன்னாடி அரைப் படி அளவுக்கு நாய்ஸ், அதாவது ஒழுங்கில்லாத சின்னச் சின்ன மாற்றம், தூவணும். படமா வரைஞ்சு சேமிச்சுட்டா பட்டை அதுக்குள்ளேயே உறைஞ்சிரும். பிளேடெட் 2016-ல வெளியிட்ட இன்சைடுங்கிற கேம்ல இந்த நாய்ஸ் விஷயத்துக்கு எவ்வளவு மெனக்கெட்டாங்கன்னு அந்த ஆண்டு கேம் உருவாக்குறவங்க கூடுற ஜி.டி.சி. மாநாட்டிலேயே விளக்கமா பேசினாங்க. இந்த வீடியோவுல உங்களுக்கு இன்னும் பட்டை தெரிஞ்சா அது யூடியூப் வீடியோவை அமுக்கிச் சுருக்கினதால; எங்க மேல கோவிச்சுக்காதீங்க.

ஒலி. சில்வண்டுச் சத்தம் 47 விநாடி, காத்து 31 விநாடி, ரெண்டும் தனித்தனியா சுத்தட்டும். ரெண்டும் சேர்ந்து ஒரே இடத்துல மறுபடி ஆரம்பிக்க 24 நிமிஷத்துக்கு மேல ஆகும். ஒரே நிமிஷத்தையே சுத்த விட்டா மூணாவது சுத்துல காது கண்டுபிடிச்சிரும். குயில் மாதிரி தனியா தெரியுற சத்தத்தை அந்தச் சுழற்சிக்குள்ள போடவே போடாதீங்க. தனியா வச்சு, 20-லிருந்து 70 விநாடிக்குள்ள எப்பவாவது கூவட்டும்.

வேகம்தான் அடுத்தது. மனுஷ நடை விநாடிக்கு 1.4 மீட்டர். 20 மீட்டர் தள்ளி மங்கலா தெரியுற உருவத்துக்கிட்ட போய்ச் சேர 14 விநாடி. மரமா, மைல்கல்லா, ஆளா? அந்த 14 விநாடிதான் பனி கொடுக்கிற சுவாரசியம். ஓட விட்டா 5 விநாடியில முடிஞ்சிரும். பெரும்பாலும் நடந்து பார்க்கிறது மட்டுமே இருக்கிற டியர் எஸ்தர் மாதிரி கேம்கள்ல ஓட்டம் ஏன் இல்லைன்னு திட்டுறவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆனா 14 விநாடி நடந்து போய்ப் பார்த்தா அங்க வெறும் மரம், அடுத்ததும் மரம், அதுக்கடுத்ததும் மரம்னா, திட்டுறவங்க பக்கம்தான் நியாயம்.

திரையில்: நாம் செய்த காட்சி. பனி இருக்கிறது, பிறகு பனி நீக்கப்படுகிறது. நடப்பவர் அதேபோல நடக்கிறார்.

இப்ப நம்ம அளவுகோலை நம்ம காட்சிக்கே வைப்போம். பனியை எடுத்தாச்சு. நடை மாறலை. அப்போ இதுவும் வால்பேப்பர்தான். அழகா இருக்கு, தோத்துப்போச்சு.

ஒரே ஒரு விதி சேர்க்கலாம். எதிர்ல பஸ் வருது, மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 5.5 மீட்டர். ஒதுங்குற இடம் உங்களுக்குப் பின்னால 8 மீட்டர்ல இருக்கு. 20 மீட்டர்ல பஸ் உருவம் தெரிஞ்ச பிறகு திரும்பி நடந்தா அங்க போக 5.7 விநாடி வேணும். பஸ் அதுக்கு முன்னாடியே, 5 விநாடிக்குள்ள, உங்களைப் பிடிச்சிரும். பார்த்துட்டு நகர்றவருக்கு இடம் இல்லை. ஆனா உருவம் தெரியுறதுக்கு 3 விநாடி முன்னாடியே ஹாரன் கேட்கும். அதைக் கேட்டு நகர்றவர் 2 விநாடி மிச்சத்தோட ஒதுங்கி நிப்பார்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. பக்கவாட்டுக் காட்சியில பனி ஆழத்தை மட்டும்தான் மறைக்கும். பஸ் நடப்பவரோட அதே தளத்துல வர்றதால திரை ஓரத்துலயே பளிச்சுன்னு தெரிஞ்சிரும், விதி கெட்டுப்போகும். அதனால பஸ்ஸோட நிறத்தை, நடப்பவர்கிட்ட இருந்து இருக்கிற தூரத்தை வச்சு, அதே 5 மீட்டருக்குப் பாதிங்கிற கணக்குல பனியோட கலக்கணும்.

பஸ் மேலிருந்தும் வரலாம், கீழிருந்தும் வரலாம். ஹாரனை இடது வலதுன்னு பிரிச்சா ஹெட்போன்ல புரியும்; ஒத்தை ஸ்பீக்கர் போன்ல புரியாது. அதுக்கு வழி ஏற்காடு ரோட்டுலயே இருக்கு. 20 கொண்டை ஊசி வளைவுல ஏறுற பஸ் சின்ன கியர்ல முக்கிகிட்டு வரும், இறங்குற பஸ் வளைவுக்கு வளைவு ஏர் பிரேக்கை "உஸ்"ஸுன்னு விடும். ரெண்டு ஒலிக்கோப்பு போதும்.

திரையில்: பனி. முக்குகிற இன்ஜின் சத்தம் மட்டும். நடப்பவர் நின்று, திரும்புகிறார்.